ஆறாம் அதிகாரம்: பிறர் வீட்டுத் திண்ணையில்

சமாரியா நாட்டில் சீகார் என்னும் ஊருக்கு வெளியே இருந்த யாக்கோபின் கிணற்றருகில், உச்சிவெயிலில் நடந்து களைத்து வந்து அமர்ந்த இயேசுநாதர், தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண்ணிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தை உபதேசமன்று. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்ற விண்ணப்பமே. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை மனப்பாடமாக அறிந்தவர்களும் இதைக் கவனியாமலே கடந்துவிடுகிறார்கள். யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், கொடுப்பதற்கென்றே வந்தவர் கேட்பவராக நின்றார். அந்த வியப்பிலிருந்துதான் அவள் வாய் திறந்தாள்; அவள் கேட்ட கேள்விகளிலிருந்துதான் சம்பாஷணை வளர்ந்தது; இடையே தன் முன்னோர் தொழுதுவந்த மலையைப் பற்றிய பழைய வழக்கை அவள் எழுப்பியபோதும், அவளை வாயடைக்கச் செய்ய அவர் முயலவில்லை.

பிற சமயத்தாரிடம் நம் விசுவாசத்தைப் பற்றிப் பேச விரும்பும் வாசகருக்கு நான் முதலாவதாகச் சொல்ல வேண்டியது இந்தக் கிணற்றங்கரையிலேயே இருக்கிறது. பிறருடைய மனம் பிறருடைய வீடு. அதன் திண்ணையில் நாம் அமர்வது அவர்கள் கொடுத்த இடத்தில்தான். திண்ணையில் அமர்ந்தவன் வீட்டாரைக் குசலம் விசாரிக்காமலும், அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலும், நேரே தன் மூட்டையை அவிழ்த்துக் கடை விரித்தால், அவன் கொண்டுவந்த சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும் அவர்கள் கண்ணுக்கு அவன் விருந்தாளியாகத் தோன்றமாட்டான்.

இதை ஜெர்மானிய மிஷனெரியான சீகன்பால்கு ஐயர் அறிந்துகொண்ட விதம் நினைக்கத்தக்கது. 1706ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் கரையிறங்கிய அவருக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்துநான்கு. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழ் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அவர் அட்சராப்பியாசம் செய்தார். பின்னர் தமிழ்நூல்களைத் தேடித் தேடிச் சேகரித்தார். இந்நாட்டு அறிஞர்களுக்கு அவர்களுடைய சமயத்தையும் ஆசாரங்களையும் பற்றிக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அக்கடிதங்களில் சில கிறிஸ்தவர்களின் நடத்தையைக் கடுமையாகக் கண்டிப்பவை. அவற்றையும் அவர் மறைக்கவில்லை. 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சவரலாற்றைப் பெருநூலாக எழுதி முடித்தார். ஆனால் அவரை ஆதரித்த ஹாலே நகரத்துப் பெரியவர்கள், அஞ்ஞானத்தை ஒழிக்கச் சென்றவர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுவதா என்று அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெட்டியில் கிடந்த அந்த நூலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும். அயலாரின் நம்பிக்கையை அறிந்துகொள்வதே விசுவாசத்துக்கு ஆபத்து என்று கருதும் அச்சம் இன்றும் நம் சபைகளிலிருந்து நீங்கவில்லை. தெருவில் முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த குடும்பம் ஏன் ஆடி வெள்ளிக்கிழமையில் கூழ் ஊற்றுகிறது என்று ஒருநாளும் விசாரித்தறியாதவர், அக்குடும்பத்துக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகையால், பேசப் போகுமுன் கேட்டறிய வேண்டும். அதுவும் நம் மறுமொழியை நாவின் நுனியில் தயாராக வைத்துக்கொண்டு, அவர் மூச்சு விடும் இடைவெளிக்காகக் காத்திருப்பது கேட்பதாகாது. உங்கள் அண்டைவீட்டு அம்மாள் முருகனுக்கு விரதமிருந்தால், அந்த விரதம் எப்போது ஆரம்பமாயிற்று, யாருக்காக நேர்ந்துகொண்டது, அன்று அவர்கள் மனம் எப்படியிருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னே ஒரு குழந்தையின் காய்ச்சலோ, வெளியூர் போன மகனோ, சொல்ல முடியாத ஒரு துக்கமோ இருக்கும். புத்தகங்களில் படித்த சைவமும் வைணவமும் வேறு. உங்கள் எதிரே இருக்கும் மனுஷி தன் ஆயுளோடு கலந்து வைத்திருக்கும் பக்தி வேறு. முதலாவதைப் பற்றி வாதிக்கலாம். இரண்டாவதன் முன்னே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கத்தான் வேண்டும்.

அடுத்தது சொற்களைப் பற்றிய விஷயம். இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் நம்முடைய தவறுகளில் பாதிக்குமேல் துர்எண்ணத்தால் விளைவதன்று, கோவிலுக்குள்ளேயே பழகிப்போன பாஷையால் விளைவது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வேதாகமத்தின் நடையில் ஊறிய நமக்கு, நம் சொற்கள் வெளியார் காதில் எப்படி விழுகின்றன என்பதே தெரிவதில்லை. நாம் அனைவரும் பாவிகள் என்று தாழ்மையோடு சொல்கிறோம். ஆனால் தெருவில் பாவி என்பது வசவு. சண்டையில் மண்ணை வாரி இறைத்துச் சொல்லும் சொல். முன்பின் அறியாத ஒரு பெரியவரிடம் போய், நீங்கள் பாவி என்று ஒரு வாலிபன் சொன்னால், அவர் காதில் விழுவது வேதாந்தமன்று, அவமதிப்பு. மறுபடியும் பிறக்க வேண்டும் என்று நாம் உற்சாகத்தோடு பேசுகிறோம். எதிரே இருப்பவரோ இனியொரு பிறவி வேண்டவே வேண்டாம் என்று காலமெல்லாம் பெருமாளிடம் மன்றாடி வருபவர். நாம் வரமென்று நீட்டியது அவருக்குச் சாபமாகத் தொனிக்கிறது. பரிசுத்த ஆவி நம் உள்ளத்தில் வாசம்பண்ணுகிறார் என்றால், ஆவி என்ற சொல்லைப் புளியமரத்தோடும் பேயோட்டுகிறவரோடும் சேர்த்தே கேட்டு வளர்ந்த கிராமத்துப் பெண் நடுங்கிப்போகிறாள். விசுவாசம் என்பது ஊர்ப்பேச்சில் நாய்க்கும் நல்ல வேலைக்காரனுக்கும் உரிய குணம். இரத்தத்தால் கழுவப்பட்டேன் என்ற வாக்கியம், மாமிசத்தைக் கண்ணாலும் காணாத வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லப்படும்போது என்ன உணர்ச்சியை எழுப்பும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இச்சொற்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அவை நமக்கு உயிரானவை. நம் பாட்டிமார் மரணப்படுக்கையில் உச்சரித்தவை. நான் சொல்வது, வீட்டுக்குள் வழங்கும் சொல் வேறு, திண்ணையில் வழங்கும் சொல் வேறு என்பதே. பரம்பொருளுக்குரிய பெயரைக்கூடத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரே முறையில் தீர்மானித்துவிடவில்லை: பபிரீசியுஸ் ஐயருடைய மொழிபெயர்ப்பில் பராபரன் என்றிருந்தது, 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன் என்றாயிற்று, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்று நிற்கிறது. வைணவ குலத்தில் பிறந்து தமிழிலக்கியத்தில் தோய்ந்த கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்று, ஜான் பனியன் எழுதிய மோட்சயாத்திரைக் கதையைத் தழுவி, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைக் காவியமாகப் பாடினாரே, அவருக்குக் கம்பனைப் படித்த நாவும் காதும் வீணாகிவிடவில்லை. அவற்றைக்கொண்டே அவர் தம் புதிய ஆனந்தத்தைச் சொன்னார். உங்களால் காவியம் பாட முடியாதிருக்கலாம். ஆனால் ஒரு காரியம் செய்யலாம். ஒரு மாலை வேளையில் உங்கள் வீட்டாரில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, கோவிலில் மட்டும் வழங்கும் சொல் ஒன்றையும் உபயோகிக்காமல், உங்கள் நம்பிக்கை உங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். முதல் முறை இரண்டு நிமிஷத்துக்குள் திக்குமுக்காடிப் போவீர்கள். அப்பியாசம் செய்யச் செய்ய, பாவமன்னிப்பு என்று ஏழெழுத்துச் சுருக்கில் சொல்லிவந்ததை, என் தம்பிக்கு நான் செய்த துரோகம் இரவில் என்னைத் தூங்கவிடாமல் அறுத்துக்கொண்டிருந்தது, பிறகு இப்படி ஒருநாள் அந்தப் பாரம் இறங்கிற்று என்று சொல்லக் கற்றுக்கொள்வீர்கள். அப்படிச் சொல்லும்போது கேட்பவர் எச்சமயத்தவராயினும் தலையசைப்பார். அது அவருக்கும் தெரிந்த இரவு.

சாது சுந்தர்சிங் தம் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லிவந்த ஒரு சம்பவம் உண்டு. ரயில் நிலையமொன்றில் வெயிலின் கொடுமையால் ஒரு பிராமணர் மயங்கி விழுந்தார். நிலைய அதிகாரி தம்முடைய கோப்பையில் தண்ணீர் கொடுத்தபோது, உயிர் போகும் நிலையிலும் அவர் அதை வாங்கவில்லை. அவருடைய பாத்திரத்தையே எடுத்து அதில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, காவி உடையில் நாடெங்கும் நடந்த அவருக்கு இதைச் சொல்ல உரிமை இருந்தது. இதே உண்மையை அவருக்கு முந்நூறு வருஷம் முன்னரே மதுரையில் கண்டுகொண்டவர் தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட ராபர்ட் டி நொபிலி. 1606இல் அவர் மதுரைக்கு வந்தபோது, முன்னமே பல வருஷம் அங்கே உழைத்த பாதிரியாரால் உள்ளூரார் மனத்தைத் தொடவே முடியாதிருந்தது. கிறிஸ்து மார்க்கத்தில் சேருதல் என்றால் பரங்கிக் குலத்தில் சேருதல் என்றே ஜனங்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். நொபிலி காவியுடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் சம்ஸ்கிருதமும் பயின்றார். ஆயினும் அவர் மரியாதையின் பெயரால் ஜாதி வித்தியாசங்களுக்கும் இடங்கொடுத்தார் என்பதையும், அதன் விளைவைத் தமிழ்த் திருச்சபை இன்றும் சுமக்கிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. பிறருடைய பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கலாம். பிறருக்குத் தண்ணீர் மறுக்கும் வழக்கத்தோடு சமாதானம் செய்துகொள்ளலாகாது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியின் முன் கீறிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரி நாட்களில் எனக்கு நெருங்கிய சிநேகிதன் ஒருவன் இருந்தான். அவனுடைய தகப்பனார் திடீரென்று காலமாகிவிட்டார். மூன்றாம் நாள் நான் துக்கம் விசாரிக்கப் போனேன். அப்பொழுது எனக்கு வயது இருபது. எந்தச் சந்தர்ப்பத்தையும் வீணாக்கலாகாது என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் போதிக்கப்பட்டிருந்த உஷ்ணம் உடம்பெல்லாம் இருந்தது. அவன் தாயார் கூடத்தின் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அருகே அமர்ந்து, மரணத்துக்கு அப்பால் உள்ள நித்திய ஜீவனைப் பற்றியும், அதை அடையும் ஒரே மார்க்கத்தைப் பற்றியும், நல்லெண்ணத்தோடுதான், பேசத் தொடங்கினேன். அந்த அம்மாள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, மெதுவாக, “அப்படின்னா தம்பி, எங்க வீட்டுக்காரர் இப்ப எங்கே இருக்கார்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நிலவிய மௌனத்தை நான் மறக்கவில்லை. என் சிநேகிதன் எழுந்து வந்து, கோபமாக ஒரு சொல்லும் சொல்லாமல், என் தோளைப் பிடித்து வாசல் வரையில் கொண்டுவந்து விட்டான். பதினாறாம் நாள் மறுபடி போனேன். போவதற்கு எனக்குத் துணிவில்லை, ஆயினும் போனேன். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். “சின்னப் பிள்ளை நீ. உள்ளே வந்து சாப்பிடு” என்றார். சாப்பிட்ட பிறகு அவர் தம் புருஷனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அன்றுதான் அந்த மனுஷர் யார் என்று நான் அறிந்தேன். எத்தனையோ வருஷங்களுக்குப் பின் ஒருநாள், நீ கண்ணை மூடிக்கொண்டு என்னதான் வேண்டிக்கொள்வாய் என்று அவராகவே கேட்டார். நான்கு வாக்கியங்களில் சொன்னேன். கேட்டுக்கொண்டு, சரி என்று தலையசைத்தார். கடைசிவரை அவர் முருக பக்தராகவே வாழ்ந்தார். கடைசிவரை நான் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்தேன்.

துக்க வீட்டைப் போன்றதே நோயாளியின் படுக்கையும். படுத்திருப்பவருக்கு எழுந்துபோக வழியில்லை. வேண்டாம் என்று சொல்லத் திராணியில்லை. வைத்தியத்துக்கு உதவியவர் மனம் கோணிவிடுமோ என்ற பயமும் இருக்கும். அங்கே ஜெபம் செய்ய விரும்பினால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கேட்கும்போதே, வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை என்ற பாவம் உங்கள் குரலில் இருக்கட்டும். அனுமதித்தால் சுருக்கமாக, அவருடைய நோய்க்காக மட்டும் ஜெபியுங்கள், ஜெபத்துக்குள் பிரசங்கத்தைப் பொதிந்து வைக்காதீர்கள். பசித்தவருக்கு இடும் சோறும் அப்படியே. 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய சந்ததியார் இன்று உறுதியான பக்தர்கள். ஆயினும் கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அவர்கள் பேரப்பிள்ளைகளையும் தொடர்ந்தது. நாம் கொடுப்பதில் உள்நோக்கம் இல்லாதிருந்தாலும், வாங்குகிறவர் உள்நோக்கத்தைச் சந்தேகிக்கும் நிலையில் இருக்கிறார் என்பதே எச்சரிக்கையாயிருக்கப் போதிய காரணம். உதவியையும் உபதேசத்தையும் ஒரே நாளில், ஒரே கையால் கொடுக்காதீர்கள். பெற்றோர் அறியாமல் குழந்தைகளிடம் மதத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நம் குழந்தையிடம் பிறர் அப்படிச் செய்தால் நாம் பொறுப்போமா என்று ஒரு கணம் எண்ணினால் போதும்.

இது சட்டத்துக்கும் சம்பந்தப்பட்டது. நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் ஷரத்து, மதத்தைப் பரப்பும் உரிமையை எல்லாருக்கும் அளிக்கிறது. ஆனால் அந்த உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அந்த ஷரத்து 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. தாம் பல வருஷம் கிறிஸ்தவ ஸ்தாபனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்பதை அவர் அங்கே எடுத்துரைத்தார். பெயர் தெரியாத எத்தனையோ ஆசிரியர்கள் வகுப்பறையில் காட்டிய அடக்கம் அன்று அந்தச் சபையில் நமக்காகப் பேசிற்று. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் சமயங்களுக்கிடையேயான உரையாடல் குழுவும், உலக சுவிசேஷக் கூட்டணியும், வேறு விஷயங்களில் எளிதில் ஒத்துப்போகாத இம்மூன்று அமைப்புகளும், சேர்ந்து வெளியிட்ட நடத்தை நெறிகளிலும் இதுவே அழுத்தமாகச் சொல்லப்படுகிறது: வஞ்சனையும் நிர்ப்பந்தமும், வறுமையையும் பிணியையும் பயன்படுத்திக்கொள்வதும் சுவிசேஷத்துக்கே துரோகம்.

முஸ்லிம் அன்பர்களிடம் பேசும்போது சில சிறு விஷயங்கள் பெரிதாகிவிடும். வேதபுத்தகத்தைத் தரையிலோ காலருகிலோ வைக்காதீர்கள். வேதத்தை அப்படி வைப்பவனுக்கு வேதத்தில் பக்தியில்லை என்று அவர்கள் எண்ணுவார்கள், எண்ணுவது நியாயமும்கூட. நபிகளைப் பற்றி இழிவான சொல் ஒன்றும் உங்கள் வாயில் வரலாகாது. குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மரியம் அம்மையாரின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஈசா நபியையும் அவருடைய தாயாரையும் பற்றி அவர்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்று கேட்பதே நல்ல தொடக்கம். திரித்துவத்தைப் பற்றிய தர்க்கத்தில் முதல் நாளே இறங்காதீர்கள். பகுத்தறிவு இயக்கத்தாரிடம் வேறு விதமான நேர்மை வேண்டும்: அவர்கள் நம் சபைக்குள் இருக்கும் ஜாதியைச் சுட்டிக்காட்டினால் சப்பைக்கட்டுக் கட்டாமல், ஆம் என்று தலைகுனியுங்கள்.

பிரசாதத்தைப் பற்றிப் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில் இக்கேள்விக்கு விரிவான விசாரணை இருக்கிறது. அதைப் படித்தவர்களும் இருவேறு முடிவுகளுக்கு வருகிறார்கள். அண்டைவீட்டார் அன்போடு அனுப்பியதை அன்பாகவே ஏற்பது என் வழக்கம். உங்கள் மனச்சாட்சி இடங்கொடாவிட்டால், கைகூப்பி, எனக்கு வழக்கமில்லை அம்மா, தப்பாக நினைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்லுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளை பார்க்கக் குப்பையில் கொட்டுவதுதான் மன்னிக்க முடியாத காரியம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பும் அதிரசத் தட்டு எந்த வீட்டிலிருந்தும் திரும்பி வருவதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் செய்த பிறகும், அவர் ஏற்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. 1750இல் இந்தியாவுக்கு வந்து, நாற்பத்தெட்டு வருஷம் ஊர் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து மறைந்த சுவார்ட்ஸ் ஐயரை, எதிரும் புதிருமான கட்சிகள் எல்லாம் நம்பின. 1779இல் ஆங்கிலேயர் சமாதானம் பேச ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது அவரைத்தான். தஞ்சை மன்னர் துளஜாஜி இறக்கும் தறுவாயில் தம் சுவீகார புத்திரனான சிறுவன் சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்புவித்தார். சுவார்ட்ஸ் அந்தப் பிள்ளையின் படிப்பைக் கவனித்தார், உயிருக்குக் காவலாயிருந்தார், பறிபோன சிம்மாசன உரிமைக்காக வாதாடினார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஒரு சிறுவனின் மனத்தையும் எதிர்காலத்தையும் முழுவதும் கையில் வைத்திருந்த பாதிரியார், அந்த அதிகாரத்தை அதற்காகப் பயன்படுத்தவுமில்லை. மாறவில்லை என்பதற்காகத் தம் அன்பில் ஓர் அணுவும் குறைக்கவுமில்லை. 1798 பிப்ரவரியில் அவர் காலமானார். அரியணை ஏறிய சரபோஜி, இங்கிலாந்தின் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக்கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செதுக்குவித்து, அவருடைய கல்லறைக்குரிய ஆங்கிலச் செய்யுளைத் தாமே இயற்றினார். தஞ்சைக்குப் போகும் வாசகர்கள் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள தேவாலயத்தில் அச்சிற்பத்தைக் காணலாம்: கட்டிலில் படுத்திருக்கும் கிழவர், குனிந்து அவர் கையைப் பற்றியிருக்கும் தலைப்பாகையணிந்த மன்னர்.